ஆறட்டும் அண்ணன் கட்டி வந்த மெத்தை

வெயிலில் வந்த சைக்கிளை நேராக நிழலில் விட்டால் விரிசல் விழும் என்று நம்பியவர் தேனி மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். முதலில் வேப்பமரத்தின் அரை நிழல், பிறகு கூரை ஓரம், கடைசியில்தான் உள்ளே. அவரோடு வேலை பார்த்த களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

கம்பத்தில் ஒரு கண்ணாடி மணிப் பட்டறை. பெண்கள் நாங்கள் கேஸ் நெருப்பில் கண்ணாடியை உருக்கிக் கம்பியில் மணியாகச் சுற்றுவோம். அதைச் சுடச்சுட அவர் கரண்டுச் சூளைக்குள் வைத்து, மறுநாள் வரை சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். சட்டென்று ஆறினால் மணி அன்றைக்குப் பளபளக்கும், பிறகு தானாகப் பிளக்கும். யார் அவசரப்பட்டாலும் "ஆறட்டும்" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

டீயில் ஏடு படியாமல் குடிக்க மாட்டார். மணி கொடுக்க மலைமேல் இருக்கும் குமுளிக்குப் போனால் அடிவாரத்து லோயர் கேம்பில் இறங்கி உட்கார்ந்துவிடுவார்.

"கீழ வெக்க, மேல குளிரு. ஒரே பஸ்ல போனா ஒடம்பு என்னத்துக்காகும் தாயி? இங்கன செத்த ஆறிட்டு அடுத்த பஸ்ல போவம்."

கூடப் போன எனக்குத்தான் உயிர் போகும். சண்டை போட்டுப் போட்டு அலுத்து, ஒரு கட்டத்தில் நானும் பேசாமல் உட்காரப் பழகிவிட்டேன்.

மின்வெட்டு வந்தது. சூளை திடீரென்று ஆறி, குமுளிக் கடைக்குப் போன மணியெல்லாம் பெட்டிக்குள்ளேயே பிளந்தது. இன்னொரு தடவை பிளந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்த பெரிய கடை அது ஒன்றுதான். அது போனால் பட்டறைக்குப் பூட்டு.

அடுத்த சரக்கு சூளையில் இருந்த மத்தியானம் மறுபடியும் கரண்டு போனது. முதலாளியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நிழலில் நின்ற சைக்கிளை நேராக வெயிலில் இழுத்துப்போட்டு மிதித்தார். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

திரும்பி வந்தபோது கேரியரில் புத்தம்புது போடி இலவம்பஞ்சு மெத்தை. மகளுக்குச் சீர் கொடுக்க வாங்கியது.

"அண்ணே, புத்தி கெட்டுப்போச்சா? புள்ளைக்கு வாங்குனதுண்ணே!"

"புள்ளைக்கு அடுத்த வாரந்தான் கல்யாணம். அந்தப் பக்கம் பிடி தாயி."

சூடு வெளியேறாதபடி சாக்கைச் சுற்றி, அதன்மேல் மெத்தையைச் சுற்றிச் சூளையைக் கயிற்றால் கட்டினோம். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. நான் தண்ணீர்க் குடத்தோடு ஓடினேன்.

"ஆத்தா, சூளையில தண்ணியா? குடிய கெடுத்துராத!" என்று கத்திவிட்டு, கனன்ற பஞ்சை உள்ளங்கையாலேயே தேய்த்து அணைத்தார்.

சூளை அதன் போக்கில் ஆறியது. கடைக்காரர் நாலு நாள் வைத்துப் பார்த்தார். ஒரு மணிகூடப் பிளக்கவில்லை. "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சி அடுத்த ஆர்டரும் கொடுத்தார். பட்டறையே சிரித்தது. அண்ணன் மட்டும் மெத்தையை விரித்துப்போட்டு, நடுவில் கருகியிருந்த ஓட்டையைக் கொப்புளம் வந்த கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாகளோ தாயி."

மெத்தையை என் வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் கல்யாணப் பட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஓட்டையின்மேல் வைத்துத் தைத்தேன். சொந்தத் தங்கை ஒருநாள் உடுத்தக் கேட்டபோதுகூட நான் பீரோவிலிருந்து எடுக்காத சேலை அது.