மூன்று கம்பெனி, ஒரு வாட்ச்மேன்

வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் ஆராய்ச்சிக்காரர் வருகிறார் என்ற கடிதம் புதன்கிழமைதான் வந்தது. கணக்குப்பிள்ளை நல்லசிவம் அதை மூன்று தடவை படித்தார். பெரிய மனிதர்கள் கத்தி, கம்பு எடுக்காமல் காகிதத்திலேயே செய்யும் குற்றங்களைப் பற்றி மதராஸில் ஆராய்ச்சி நடக்கிறதாம். ஒரே தீப்பெட்டி ஆபீஸைப் பல பேர்களில் பிரித்துக் காட்டி வரியைக் குறைப்பவர்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.

"இதுக்கு எதுக்கு சிவகாசிக்கு வரணும்?" என்றார் முதலாளி காளிராஜ். "மதராஸ்ல ஆள் கிடைக்கலியாக்கும்?"

காளிராஜின் தீப்பெட்டி ஆபீஸ் ஒரே கொட்டகை. காகிதத்தில் மட்டும் மூன்று கம்பெனி. ஒன்று வண்டிக்காரர் ராக்கப்பன் பேரில், இன்னொன்று சமையல்காரி பஞ்சம்மாள் பேரில், மூன்றாவது நல்லசிவம் பேரில். இடமும் அப்படியே. சட்டப்படி அவர்களுடையது, நம்பிக்கைப்படி காளிராஜுடையது. எல்லாக் காகிதமும் நல்லசிவத்தின் கையெழுத்தில் இருந்ததால், ஜெயிலுக்கு முதலில் போக வேண்டியவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டார். கம்பெனிக்கு ஒரு நாற்காலி. ஒரு கோடு, மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பத்திரகாளியின் நடு மடியில் போனது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, தாயி."

"இங்கனதான் வெளிச்சம் வருது. கோட்டைத் தள்ளிப் போடுங்க."

கோட்டைத் தள்ளினால் ராக்கப்பனின் நாற்காலி பஞ்சம்மாள் கம்பெனிக்குள் போனது. ராக்கப்பன் எழுந்திருக்க மறுத்தார். முதலாளியின் நாற்காலி அது. இருபது வருஷத்தில் இன்றுதான் உட்காருகிறார்.

ஆராய்ச்சிக்காரர் கண்ணாடி போட்ட ஒல்லிப்பிச்சான். பஞ்சம்மாள் அவரிடம் சர்வே நம்பர் முதற்கொண்டு, அவர் கேட்கும் முன்பே ஒப்பித்தாள். தொண்டைக்கு இதமாகச் சுக்குக் காப்பியும் கொடுத்தாள். தான் சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே சொல்கிறாளே என்று நல்லசிவம் பெருமைப்பட்டார்.

அடுத்து ஆராய்ச்சிக்காரர் பத்திரகாளியிடம் போனார். "நீங்க எந்தக் கம்பெனி?"

"வலது கை ராக்கப்பண்ணன் கம்பெனி. இடது கை பஞ்சம்மா கம்பெனி."

ஆராய்ச்சிக்காரர் அதைக் குறித்துக்கொண்டு, மூலையில் நின்ற காளிராஜைப் பார்த்தார். "இவங்க யாரு?"

நல்லசிவம் ராக்கப்பனைப் பார்த்தார். ராக்கப்பன் உதவிக்கு வந்தார். "நம்ம வாட்ச்மேன்."

"வாட்ச்மேனுக்குத் தங்க மோதிரமா?"

"மோதிரம் எங்களது," என்றார் நல்லசிவம் அவசரமாக. "சும்மா போட்டுக்கிடச் சொன்னோம்." காளிராஜ் மோதிரத்தைக் கழற்றி ராக்கப்பனிடம் நீட்டினார். ராக்கப்பன் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

"எனக்கென்னமோ இவங்கதான் முதலாளின்னு தோணுது," என்றார் ஆராய்ச்சிக்காரர். "மதராஸ்ல அப்படித்தான் எழுத வேண்டி வரும். இல்லேன்னா இவங்களே எழுத்துல சொல்லணும்."

பையிலிருந்து முத்திரைத்தாள் வந்தது. 'இந்த மூன்று கம்பெனியிலும், இடத்திலும் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனியும் கோரமாட்டேன், நான் சம்பளத்துக்கு இருக்கும் வாட்ச்மேன்' என்று அதில் தயாராகவே எழுதியிருந்தது. காளிராஜ் தயங்கினார்.

"போட்டுருங்க," என்று நல்லசிவம் காதோரம் கெஞ்சினார். "என் பிள்ளைக நாலும் பச்சப்பிள்ளைக."

காளிராஜ் கையெழுத்துப் போட்டார். பத்திரகாளி வலது கைப் பெருவிரலால் சாட்சிக்கு ரேகை வைத்தாள். ஆராய்ச்சிக்காரர் தாளை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். வழிக்குச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பஞ்சம்மாள் பின்னால் போனாள்.

"தப்பிச்சோம்," என்றார் காளிராஜ். "ஏலே ராக்கப்பா, எந்திரி."

ராக்கப்பன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவத்துக்கு அப்போதுதான் பசித்தது.

அரை மணி நேரத்தில் பஞ்சம்மாள் வெறும் தூக்குவாளியோடு திரும்பி வந்தாள். காளிராஜைத் தாண்டி நேராக நல்லசிவத்தின் முன்னால் போய் நின்றாள்.

"எங்க அக்கா மவனைப் பஸ் ஏத்திவிட்டுட்டேன் மொதலாளி, மதுரையில வக்கீல் குமாஸ்தால்லா, தாளைப் பதியிறதை அவன் பாத்துக்கிடுவான், நம்ம வாட்ச்மேனை நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்?"