சட்டிக்கடியில் கிடந்த பேரிங்

இனிமேல் காரைப் பற்றி ஸாலிஹாவிடம் ஒரு உண்மையும் சொல்வதில்லை என்று அவளுடைய புருஷன் கச்சிமுகம்மது முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், சாய்ந்தமருது மெயின் றோட்டின் நடுவில். முடிவெடுக்கும்போது அவருடைய கார் மூன்று சில்லில் நின்றது.

நாலாவது சில்லு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அது தன்னை முந்தியபோது, அல்லாஹ் அறிய, அவர் அதை அடையாளம் காணவில்லை. “ஆர்ர சில்லுடா இது, இப்படிப் பறக்குது?” என்று ரசித்துக்கூடப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் காரின் பின்பக்கம் தொப்பென்று தரையில் குந்தியது. சில்லு ஒரு மீன்காரரின் சைக்கிளை உரசி, பள்ளிவாசல் மதிலில் முட்டி, ரெண்டு சுற்றுச் சுற்றிக் களைத்துப்போய்ப் படுத்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுந்தானே? வீடு பொம்பிளையுடையது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுகிறவர். கச்சிமுகம்மதுவும் பதினைந்து வருசத்துக்கு முன் அப்படித்தான் வந்தார். வீடு ஸாலிஹாவுடையது. வளவு ஸாலிஹாவுடையது. இறக்காமத்து வயலும் அவளுக்கு வாப்பா கொடுத்தது. அவருக்கென்று இருந்தது அந்தப் பழைய மொறிஸ் மைனர் ஒன்றுதான். அதுவும் அந்த வயல் நெல்லை விற்று வாங்கியது. “ஸ்டியரிங் உங்கட, மத்ததெல்லாம் என்ட” என்று ஸாலிஹா சொல்வாள். சொல்லட்டுமே! அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் மனிசனுக்குத் தானும் ஒரு ஆள் என்ற நினைப்பு வரும். காலையில் தன் முகத்தைக் கழுவ முதல் காரின் முகத்தைக் கழுவுவார்.

சூறாவளி அடித்த அடுத்த வருசம் காரின் பின்பக்கத்தில் ஒரு முனகல் தொடங்கியது. முதலில் கேட்டது ஸாலிஹாதான்.

“இஞ்சாருங்க, பின்னால ஆரோ அழுறாங்க.”

“காத்து புள்ள.”

“காத்தெண்டா முன்னாலயும் அழணும். வீரமுனைக் கந்தப்போடி அண்ணனிட்டக் கொண்டு காட்டுங்க.”

கந்தப்போடி ஸாலிஹாவின் வாப்பாவுக்குப் பக்கத்து வயல்காரர். கார் வேலையில் அவர் கை தங்கம். வாய் மட்டும் தேள். “தம்பி, நீ இதை ஓட்டுறியா, இல்லாட்டி உழுறியா?” என்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கச்சிமுகம்மது காரைத் தன் சாச்சியின் மகன் மீராசாவின் புதுக் கராஜுக்குக் கொண்டுபோனார்.

மீராசா போன நோன்பு வரைக்கும் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டவன். ஆனால் அவனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அண்ணனென்ற மரியாதையில், “காக்கா, நீங்க சொல்லுங்க, நான் செய்றன்” என்பான். பதினைந்து வருசமாக அந்த வார்த்தையைக் கேட்காத காது குளிர்ந்துபோயிற்று.

பின் எக்ஸலைக் கழற்றினார்கள். பேரிங் தேய்ந்திருந்தது. புதுசு ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடையிலிருந்து லொறிக்காரர் ஒருவரின் தயவில் மூன்று கிழமை கழித்து வந்து சேர்ந்தது. மீராசா துப்புரவான பிள்ளை. பழைய பேரிங்கையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்தேயென்று தேய்த்துச் சாக்கின்மேல் வைத்தான். புதுசைக் கிறீஸில் முக்கி அதற்குப் பக்கத்தில் வைத்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்று பளபளக்கிறது, மற்றது கரிச்சட்டி போலக் கிடக்கிறது.

“காக்கா, இதில எது புதுசு?”

“இதென்னடா கேள்வி? மினுங்குறதுதான்!”

மினுங்கினதையே மீராசா பூட்டினான். மற்றதைச் சீலையில் சுற்றிக் காக்காவின் கையில் கொடுத்தான். கழற்றின சாமானைக் கார்க்காரரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் கராஜ்களின் வழக்கம். நாளைக்கு ஒருவர் வந்து “மாத்தவேயில்ல” என்று சொல்லக்கூடாதல்லவா?

வீட்டில் ஸாலிஹா அந்தச் சீலையை அவிழ்த்தாள். வட்டமாக, பாரமாக, நல்ல சாமான். துடைத்து ஆணச் சட்டிக்கு, அதுதான் கறிச் சட்டிக்கு, அடியில் வைத்தாள். சட்டி ஆடாமல் அசையாமல் குந்தியது. விரலால் லேசாகத் தட்டினாள். சட்டி சத்தமே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, அகப்பை கச்சிமுகம்மதுவுக்கு நேரே வந்து நின்றது.

“பழசெண்டு சொல்றீங்க. சத்தமே இல்லாமச் சுத்துதே?”

“பழகின சாமான் அப்படித்தான் புள்ள. வயசு போனா சத்தம் அடங்கிரும்.”

“அப்ப உங்களுக்கு ஏன் இன்னும் அடங்கல்ல?”

கார் முன்னைப் போலவே முனகியது. “புதுசு பழகணும்” என்று சொல்லிவந்தார். பழகியது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

இப்போது அவரைப் பயமுறுத்திய விசயம் சில்லு அல்ல. வெள்ளிக்கிழமை! அன்றைக்குத்தான் ஸாலிஹாவின் தங்கச்சி நஸீறாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை நிந்தவூரிலிருந்து கூட்டி வருவது என்னுடைய காரில்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஸாலிஹாவும் ஒன்று சொல்லி வைத்திருந்தாள்:

“வெள்ளிக்கிழமை கார் வழியில நிண்டா, சனிக்கிழமை அதை வித்துப்போட்டுச் சோடி எருமை வாங்குவன். எருமைக்குப் பின்பக்கம் முனகாது.”

சொன்னால் செய்கிறவள். காரில்லாத கச்சிமுகம்மது யார்? அந்த வீட்டில் சும்மா சோறு தின்கிற மாப்பிள்ளை.

வேறு வழியில்லாமல் காரை உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு வீரமுனைக்கே போனார். வீட்டில் வந்து, “கார் மீராசாட கராஜில இரிக்கி புள்ள. கல்யாணத்துக்கு மினுக்கிறான்” என்றார். ஸாலிஹா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது நிம்மதியாக இருந்தது. அவள் கேட்காமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று அந்த மனிசனுக்குப் பதினைந்து வருசமாகியும் விளங்கவில்லை.

புதன்கிழமை கந்தப்போடி பின் எக்ஸலைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஆருடா தம்பி இந்த வேலை செய்த? நட்டுக்குக் கீழ இருக்கிற வொசரிட காதை மடக்கல்ல. நட்டு சும்மா கழண்டுபோகாம என்ன செய்யும்? ஒயில் ஸீலைத் தலைகீழாப் பூட்டியிருக்கு. பேரிங் வேற பழசு!”

“இல்லண்ண, புதுசு. நான்தான் பக்கத்தில நிண்டு...”

கந்தப்போடி பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினார். கர்ர்ர்ர். “இது புதுசா? கழட்டினது எங்க?”

கச்சிமுகம்மதுவுக்கு அப்போதுதான் தலைக்குள் வெளிச்சம் வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! புதுப் பேரிங் வீட்டில், குசினிக்குள், ஆணச் சட்டிக்கு அடியில்.

“நாளைப் பின்னேரத்துக்குள்ள அதைக் கொண்டா. பூட்டித் தாறன். இல்லாட்டி மாப்பிள்ளை நடந்துதான் வரணும்” என்றார் கந்தப்போடி.

தன் வீட்டுக் குசினியில் களவெடுப்பது லேசான வேலையா? வீடும் அவருடையதல்ல, குசினி அதைவிட அவருடையதல்ல. அன்று பின்னேரம் மெல்ல உள்ளே நுழைந்தார்.

“என்ன இந்தப் பக்கம்?” என்றாள் ஸாலிஹா.

“சும்மா. உன்னைப் பாத்துப்போட்டுப் போக.”

“பதினஞ்சு வருசமா நான் இஞ்சதான் நிக்கிறன். சட்டியை ஏன் தூக்குறீங்க?”

“பாரமாண்டு பாத்தன்.” சட்டியை வைத்தார். “புள்ள, இந்த இரும்பில ஆணம் வச்சா நோய் வருமாம். சட்டி வைக்க நான் நல்ல கயித்துத் திருகணை ஒண்டு வாங்கித் தரட்டா?”

“ஆர் சொன்ன?”

“டொக்டர்.”

“எந்த டொக்டர்?”

வாயில் வந்தது வந்துவிட்டது. “கண் டொக்டர்.”

ஸாலிஹா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நோய் வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். எனக்கு இதுதான் வசதி. பழைய சாமானில எனக்கு எப்பவும் ஒரு பாசம். இல்லாட்டி உங்கள வச்சிருப்பனா?”

வியாழக்கிழமை விடிய விடியவே அவள் அவரை மருதமுனைக்கு அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கைத்தறிச் சாறன் வேணுமாம். தறிக்காரரிடம் போய் நின்று, கரை பார்த்து, நிறம் பார்த்து வாங்கி வரவேணுமாம். போனார். வரும் வழியில் ஒரு திருகணையும் வாங்கி வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார். வீட்டுக்கு வர, நடுப்பகல் ளுஹருக்குப் பாங்கு சொல்லியாயிற்று. ஸாலிஹா தொழுகைப் பாயை விரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் தொழப்போறன். ஆணம் குசினிக்குள்ள இரிக்கி. பூனை வரும், கவனம்.”

யா அல்லாஹ், கதவைத் திறந்துவிட்டாய்! பாய்ந்து போய்ச் சட்டியைத் தூக்கிப் பேரிங்கை எடுத்து, திருகணையை அந்த இடத்தில் வைத்து, பேரிங்கை மடியில் கட்டிக்கொண்டு வெளியேறினார். அன்றைக்கென்று ஸாலிஹாவின் தொழுகையும் நீண்டுகொண்டே போனது.

பஸ்ஸில் மடிக்குள்ளிருந்து ‘கர்ர் கர்ர்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவர், “வயிறு சரியில்லையா காக்கா?” என்று கேட்டார்.

“ஓம் தம்பி. நேத்துத் திண்ட மீன்.”

வீரமுனையில் இறங்கி ஓடினார். “இந்தாங்கண்ண, புதுசு!”

கந்தப்போடி அதை விரலில் மாட்டிச் சுழற்றினார். அதைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் ரெண்டும் குலுங்கின.

“என்னண்ண?”

“தூசி. இருமல். இதுதான் புதுசு, என்ன?”

“ஓம்.”

“நல்லாப் பாத்துத்தான் எடுத்தியா?”

“என்ட ரெண்டு கண்ணாலயும் பாத்து எடுத்தன்.”

“அப்ப சரி. கடைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா.”

குடித்துவிட்டு வந்தார். கார் நாலு சில்லிலும் நின்றது, கழுவித் துடைத்தபடி. ஒரு தேத்தண்ணிக்குள் ஒரு பின் எக்ஸல்! கை என்றால் இதல்லவா கை என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கந்தப்போடி வழக்கப்படி கழற்றினதைச் சீலையில் சுற்றிக் கொடுத்தார். அவர் சொன்ன ஒரே வார்த்தை, “சட்டிக்கு வேணும்தானே, கொண்டு போ.”

வீடு வரைக்கும் கார் மூச்சுக்கூட விடவில்லை. ஸாலிஹா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துப் பேரிங்கைப் பழைய இடத்தில் வைத்தார். திருகணையை வேலிக்கு அப்பால் எறிந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வருமாப்போல் இருந்தது. அவ்வளவு சந்தோசம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார். முன்னால் பைத்துப் பாட்டுப் படித்துக்கொண்டு ஆட்கள், நடுவில் கார், ஸ்டியரிங்கில் கச்சிமுகம்மது. முனகல் இல்லை, மூச்சு இல்லை. மாப்பிள்ளையின் வாப்பா குனிந்து, “நல்ல வாகனம் தம்பி, ஓடுறதே தெரியல்ல” என்றார். வீட்டு வாசல் கடப்படியில் கார் நின்றதும் பொம்பிளைகள் குரவை போட்டார்கள். குரவை மாப்பிள்ளைக்கு என்பது உண்மைதான். கச்சிமுகம்மதுவும் பாதியை எடுத்துக்கொண்டார்.

இரவு, மஃரிபுக்குப் பிறகு சனம் கலைந்தது. அவர் களைப்பும் நிம்மதியுமாகச் சோற்றுக்குக் குந்தினார். ஸாலிஹா ஆணச் சட்டியை முன்னால் வைத்துத் தட்டிவிட்டாள். கர்ர்ர் என்று சுழன்று அகப்பை அவருக்கு நேரே வந்து நின்றது.

“கார் எப்படி புள்ள?”

“பூனை நடந்த மாதிரி வந்திச்சி.”

“மீராசாட கை! நான் பக்கத்தில நிண்டு சொல்லிச் சொல்லிச் செய்விச்சது.”

“அப்படியா?” ஸாலிஹா ஒரு மீன் துண்டை அவர் கோப்பையில் வைத்தாள். “அப்ப நேத்துக் காலமே பஸ்ஸில கொண்டுபோய் நான் கந்தப்போடி அண்ணனிட்டக் குடுத்த பேரிங் எந்தக் காருக்கு?”

கச்சிமுகம்மது கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தார். வெளியே மாப்பிள்ளை வீட்டார் யாரோ சிரிப்பது கேட்டது.

“நீயா குடுத்த? அப்ப நான் எடுத்தது?”

“அண்ணன் கழட்டின பழசு. வாங்கி வந்து சட்டிக்கடியில நான்தான் வச்சன். நீங்க பதறாம எடுக்கட்டுமெண்டு நாலு றக்அத்துக் கூடுதலாத் தொழுதன். ஒண்டும் சொல்லாதீங்க எண்டு அண்ணனிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தன்.”

“சில்லு கழண்டதும் தெரியுமா?”

“சில்லு மதிலில முட்ட முதலே தெரியும். இந்த ஊரில எனக்கு ஆள் இல்லயா?”

“தெரிஞ்சும் ஏன் புள்ள ஒரு வார்த்தை கதைக்கல்ல?”

“நிந்தவூரார் உங்களப் பாத்துச் சிரிச்சா என்ட வீட்டு மானம் போகும். நான் சிரிச்சா வீட்டுக்குள்ளதானே இரிக்கும்.”

கச்சிமுகம்மதுவுக்கு வெட்கமும் வந்தது, அவள்மேல் பாசமும் வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆகவேண்டும்.

“அப்ப புள்ள, அந்தச் சோடி எருமை?”

“வாங்கல்ல. கார் நிக்கட்டும்.”

அல்ஹம்துலில்லாஹ்! மூன்று நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் மூச்சை முழுசாக விட்டார். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனார்.

“ஆனா நாளைக்கு அந்தக் கண் டொக்டரிட்டப் போயிட்டு வாங்க” என்றாள் ஸாலிஹா. “ரெண்டு தரமும் பழசைப் பாத்துத்தான் புதுசெண்டு தூக்கியிருக்கீங்க.”