ஐம்பத்தேழாம் ஆண்டும் அக்காவின் வயதும்

தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொல்லும் இடமும் சரியாக இருக்க வேண்டும். இந்த உண்மையை எந்த இலக்கண நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. செல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு தட்டுக் கேசரிக்கும் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜிக்கும் நடுவே நின்று நானாகவே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட வேகத்தில் என் அக்காவின் திருமணம் ஏறக்குறைய நின்றே போயிற்று.

அப்போது நான் பி.ஏ. தமிழ் இலக்கியம் இறுதியாண்டு. வீட்டில் அதிகம் பேசமாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன், அதுவும் எழுவாய் பயனிலையோடு முழு வாக்கியமாக. ("இவ பேசுனா ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரில்ல இருக்கு" என்பது அப்பாவின் விமரிசனம்.) ஆனால் யாராவது ஒரு செய்தியைத் தவறாகச் சொல்லிவிட்டால் என்னால் பொறுக்க முடியாது. பக்கத்து வீட்டு இழவில், இறந்தவருக்கு எழுபது வயது என்று ஒப்பாரி வைத்த அம்மாளிடம் மெதுவாகப் போய் அறுபத்தெட்டு என்று திருத்தியவள் நான்.

அந்த ஆண்டு எங்கள் கல்லூரிக்கு வெள்ளி விழா. கல்லூரி தோன்றிய 1957ஆம் ஆண்டில் உலகத்திலும் ஊரிலும் என்னவெல்லாம் நடந்தன என்று ஒரு கண்காட்சி வைக்க முடிவாயிற்று. எதிர்த்துப் பேசாத மாணவி என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நூலகத்தில் பழுப்பேறிய செய்தித்தாள்களைப் புரட்டிப் புரட்டி, தும்மித் தும்மி, நான் அந்த ஆண்டிலேயே குடியேறிவிட்டேன். அணா போய் நயா பைசா வந்த ஆண்டு அது. ஊர் ஊராக ஃப்ளூ காய்ச்சல் பரவிய ஆண்டு. தேர்தல் நடந்த ஆண்டு. படம் பார்த்த கையோடு ஓரணாவுக்குப் பாட்டுப் புத்தகம் வாங்கி, வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு ராகத்தில் பாடிய ஆண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் முதன்முதலாக ஒரு செயற்கைக்கோளை வானத்தில் ஏவிய ஆண்டு. யார் எதைப் பற்றிப் பேசினாலும், "ஐம்பத்தேழில் அப்படி இல்லை" என்று தொடங்கும் நோய் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த நேரத்தில்தான் மல்லிகா அக்காவைப் பெண் பார்க்க வருவதாகக் கொட்டாம்பட்டியிலிருந்து தகவல் வந்தது.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும், "பொண்ணுக்கு வயசு ஏறிப்போச்சே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தன. ஆகவே அம்மா ஒரு முடிவுக்கு வந்து, அக்காவின் வயதில் மூன்றைக் குறைத்து இருபத்திரண்டு ஆக்கினாள். எங்கள் பக்கத்தில் ஜாதகம் பார்க்கும் வழக்கம் குறைவு. பெயர்ப் பொருத்தம் பார்ப்போம். கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்போம். வயது எங்களிடையே வாய்மொழி இலக்கியம், பாடபேதங்கள் சகஜம். இருபது வயதான எனக்கும் அக்காவுக்கும் இடையே இப்போது இரண்டே ஆண்டுகள் மீதமிருந்தன. இந்த இடமும் தட்டிப்போனால் அடுத்த இடத்துக்கு நான் அக்காவாகிவிடக்கூடும்.

மாப்பிள்ளை மேலூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். வயது இருபத்தேழு என்று தரகர் சொல்லியிருந்தார். ஓர் உறவுக் கல்யாணத்தில், மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டிக்கொண்டிருந்தவரை அக்கா தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அதுவரை வந்த வரன்களைப் பற்றி வாயே திறக்காதவள், அவர்கள் வருவதற்கு முதல்நாள் பாத்திரம் விளக்கும்போது என்னிடம் சொன்னாள்: "இந்த இடம் அமஞ்சுட்டா நல்லாருக்கும்டி."

சொல்லிவிட்டு ஏற்கெனவே விளக்கிய செம்பை மறுபடியும் விளக்கத் தொடங்கினாள்.

மறுநாள் வந்தவர்கள் நால்வர். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் கூரை ஓடுகளை எண்ணுவதுபோல் மேலே பார்த்தார். அக்கா காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். வைகையில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச்சு வற்றிவிட்டது. எங்கள் மாமா மூன்றாவது முறையாக "பஜ்ஜி எடுத்துக்கங்கண்ணே" என்றார்.

அந்த மௌனத்தை நிரப்புவதற்காகத்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன் என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"நீ என்ன தாயி படிக்கிற?"

சொன்னேன்.

"படிச்சு முடிச்சு?"

"தற்போது ஒரு கண்காட்சி தயாரித்து வருகிறேன்" என்றேன். (அவர் கேட்டதற்கு இது விடையல்ல என்பது இன்று தெரிகிறது.)

என்ன கண்காட்சி என்று அவர் கேட்டார். நான் நயா பைசாவில் தொடங்கினேன். பழைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு அறுபத்து நான்கு பைசா, புதுக் கணக்கில் நூறு; சில்லறை கேட்டுக் கடைக்குக் கடை நடந்த சண்டைகளைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஆமா தாயி, அம்புட்டும் உண்மை!" பாட்டுப் புத்தகத்தைச் சொன்னேன். நைலான் சேலை வந்து பெண்கள் மயங்கியதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மாகூட ஓட்டிலிருந்து பார்வையை இறக்கினார். என் வாழ்நாளில் நால்வர் சேர்ந்து என் பேச்சைக் கேட்டது அதுவே முதல் முறை. அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள். என்னை மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அவ்வாண்டு ஐப்பசியில், ருஷ்யா ஏவிய செயற்கைக்கோள் மதுரை வானத்திலும் தெரிந்தது" என்றேன்.

தாய்மாமன் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "அது எப்படி தாயி தெரியும்? மதுரையிலயாவது, தெரியவாவது! எவனோ நல்லாப் புளுகியிருக்கான், நீயும் எழுதி வச்சிருக்க."

புளுகு! இரண்டு மாதம் தும்மித் தும்மிச் சேர்த்த செய்தியைப் புளுகு என்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"புளுகு அல்ல. ஆதாரம் இருக்கிறது" என்றேன்.

"என்ன ஆதாரம்?"

"எங்கள் அக்காவே ஆதாரம். அன்று பொழுது சாயும் நேரம், தெருவே கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்தது. அன்று இரவே அக்கா பிறந்தாள். வேண்டுமானால் அம்மாவையே கேளுங்கள்."

கூடத்தில் ஈ பறந்தால் கேட்டிருக்கும். கேசரித் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தவையும் பறப்பதை நிறுத்திவிட்டன.

தாய்மாமன் கைவிரல்களை மடக்கத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது. மறு கை முடிந்தது. திரும்பவும் முதல் கைக்கு வந்தார்.

"ஐம்பத்தேழுல பொறந்த புள்ளைக்கு..." என்று இழுத்தார்.

எங்கள் மாமா சமயோசிதக்காரர். "அண்ணே, அது மொதல்ல விட்டது. அறுபதுலயும் ஒண்ணு விட்டாகள்ல? நம்ம மல்லிகா பொறந்தது அப்பத்தான். சின்னப்புள்ள, வருசத்தக் கொழப்பிருச்சு. என்ன தாயி, அறுபதுலயும் விட்டாகள்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா கண்ணாலேயே கெஞ்சினார். ஒரே ஒரு சொல் போதும். 'ஆமாம்' என்பது எழுத்துப் பிழையில்லாத நல்ல தமிழ்ச் சொல்தான். அக்கா கதவோரத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அறுபதிலும் விட்டார்கள்" என்றேன். மாமா மூச்சு விட்டார். "ஆனால் அது ஆகஸ்டில். அக்கா பிறந்தது ஐப்பசி அல்லவா?"

(இதைச் சொன்னது நான்தானா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நானேதான்.)

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு வருசத்த முழுசா முழுங்கிட்டீகளே! நாங்க ஒளிவு மறைவு தெரியாத குடும்பம். எங்ககிட்டயா இந்தக் கணக்கு?"

"அதுல்ல மதினி..." என்று அம்மா முன்னால் வந்தாள்.

"என்னைய ஏமாத்த முடியாதுங்க. அந்த வருசம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இந்தா, இவன்தான்," என்று மாப்பிள்ளையைக் காட்டினார். "ஓரணாவக் குடுத்து அரையணாவுக்கு வெத்தல வாங்கியாடான்னு கடைக்கு அனுப்புனேன். மீதிக்குப் புதுக் காசு குடுத்தாருன்னு, இது பொம்மைக் காசு, நல்ல காசு குடுன்னு கடைக்காரரோட மல்லுக்கட்டி, கடை வாசல்லயே உருண்டு அழுதுருக்கான். அவன் வாத்தியாரு வந்துதான் தூக்கிட்டு வந்தாரு. அப்ப ரெண்டாங் கிளாஸ். எனக்கா வருசம் தெரியாது?"

அறிவியலுக்கும் அறத்துக்கும் சேர்த்து வெற்றி பெற்றவரைப் போல அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் வாய் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட என் அக்கா, தரையைப் பார்த்தபடியே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ரெண்டு வயசுல ரெண்டாங் கிளாஸ் படிச்சாகளா?"

தாய்மாமனின் விரல்கள் தாமாகவே மறுபடி மடங்கத் தொடங்கின. முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. அதுவரை காபித் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவர், தம்ளரைக் கீழே வைக்க முடியாமல், வேட்டியில் சிந்திக்கொண்டு சிரித்தார்.

"விடும்மா," என்றார் தம் அம்மாவிடம். "யாராவது வயசக் கேட்டுருவாகளோன்னு நான் இம்புட்டு நேரமும் பயந்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். முப்பத்திரண்டு ஆச்சு. தரகர்தான் கொறச்சாரு."

"தரகர் எங்க கொறச்சாரு? நீதான கொறைக்கச் சொன்ன!" என்று உண்மையின் பக்கம் சாய்ந்தார் மாப்பிள்ளையின் அப்பா.

தாய்மாமன் விரல்களை விரித்துக் காட்டித் தீர்ப்புச் சொன்னார். "பொண்ணு வீட்டுல மூணு. நம்ம வீட்டுல அஞ்சு. ரெண்டு வருசம் நாமதான் கூடப் பொய் சொல்லியிருக்கோம் அக்கா. பேசாம பூ வையி."

மாப்பிள்ளையின் அம்மா சிறிது நேரம் ஓட்டைப் பார்த்தார். பிறகு அக்காவை அருகே அழைத்து, "வாய் இருக்கு ஒனக்கு. என் மகனுக்கு இல்ல. சரியாப் போச்சு" என்று சொல்லிப் பூவை வைத்தார். என்னைப் பார்த்த பார்வையை மட்டும் நான் இங்கே வருணிக்கப் போவதில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மணமேடையில் பெயர்களை மாப்பிள்ளையே தெர்மாகோலில் வெட்டியிருந்தார். கண்காட்சியும் நடந்தது, வந்தவர்களில் யாரும் எதையும் புளுகு என்று சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் எதையும் படிக்கவில்லை.

அன்று முதல் எங்கள் உறவில் யார் வீட்டில் பெண் பார்க்க வந்தாலும், முதல் ஏற்பாடாக என்னை மேட்னி ஷோவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். டிக்கெட், போகவர பஸ் செலவு, இடைவேளைக்கு முறுக்கு எல்லாம் பெண் வீட்டார் பொறுப்பு. அப்படி என் சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட பெரியம்மா மகள்கள் எல்லோரும் நல்லபடியாகக் கரையேறினார்கள். மதுரையில் ஓடிய பெரும்பாலான படங்களை நான் இலவசமாகப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எம்.ஃபில். படிக்கிறேன். சென்ற மாதம் என்னையே பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலையில் மச்சான் மேலூரிலிருந்து அக்காவோடு வந்து இறங்கினார். பழக்கதோஷத்தில் ஒரு மேட்னி டிக்கெட் வாங்கி வந்திருந்தார். அவரை எல்லோரும் கேலி செய்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டிக்கெட்டை வாங்கி நேரத்தைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி," என்றாள், "காபியக் குடுத்துட்டு உடனே கெளம்பினா படத்தப் புடிச்சுரலாம்ல?"