மூலை தெளிவாக இல்லை

"என் வயித்தை மட்டும் எடுக்கவா மாப்பிள்ளை இத்தனை சாமானோட வந்தீங்க?"

நீச்சல் குளத்தின் ஓரத்தில் தலையைத் துவட்டிக்கொண்டே மாமனார் கேட்டார். கேமராத் திரையில் தொப்பை ஒன்றுதான் இருந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். சில மாதங்களாக நீச்சல் வகுப்புக்குப் போகிறார். அடுத்த வாரம் பழைய நண்பர்களோடு படகில் கடலுக்குப் போகுமுன், தான் நீந்தும் படம் ஹாலில் தொங்கியாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "பொத்தானை அமுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று, போட்டோகிராபரான மாப்பிள்ளையைக் கல்யாணமான நாளாகக் கேட்டு வந்தவர், வாய் திறந்து கேட்ட முதல் உதவி இது. சொதப்பினால் ஜென்மத்துக்கும் பொத்தான் மாப்பிள்ளைதான்.

"முன்னாடி இருக்கிறது தட்டைக் கண்ணாடி மாமா. தண்ணிக்குள்ள எல்லாத்தையும் பெருசாக் காட்டும். டோம்னு உருண்டைக் கண்ணாடி ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா சரியாயிடும்."

"அப்ப என் வயிறு இவ்வளவு இல்லை?"

"இல்லவே இல்லை மாமா."

முந்தின நாள் முழுக்க ஒரு கல்யாண மண்டபத்தில் நின்ற கால்கள் கெஞ்சின. ஆனாலும் கேமராவின் தண்ணீர் புகாத கூட்டைத் துடைத்து, ரப்பர் வளையத்தில் ஒரு முடிகூட இல்லையே என்று பார்த்து, அரைப்பந்து போன்ற டோமை மாட்டிக்கொண்டு அவன் தண்ணீரில் இறங்கினான்.

"இந்தப் பக்கமே எடுங்க. இங்கேதான் வெளிச்சம் நல்லா இருக்கு," என்று இடுப்பளவு ஆழத்தில் மாமனார் முங்கினார்.

இந்தத் தடவை முழு ஆளும் படத்தில் விழுந்தார். யார் என்றுதான் தெரியவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் எட்டிப் பார்த்தார். "யாரு மாப்பிள்ளை இது?"

"மாமாதான் அத்தை. டோம் போட்டா, தூரத்துல இருக்கிறவரும் கண்ணாடியை ஒட்டி நிக்கிற மாதிரிதான் லென்ஸுக்குத் தெரியும். அவ்வளவு கிட்டத்துல இதுக்குப் பார்வை பத்தாது. டயாப்டர்னு ஒண்ணு மாட்டணும்."

"நான் பேப்பர் படிக்கப் போடற கண்ணாடி மாதிரியா?"

"அதேதான் அத்தை."

மறுபடி துடைத்து, திறந்து, மாட்டி, மூடினான். மறுபடி முங்கல். முகம் பளிச்சென்று வந்தது. புருவ முடியை எண்ணலாம்.

"பிரமாதம்!" என்றார் மாமனார். "இதையே ஃப்ரேம் போட்டுடலாம். கிளம்புங்க."

அப்பாடா என்று அவன் பையை எடுத்தான்.

"கால் எங்கே?" என்றார் மாமியார். "மூலையில மெழுகு உருகினாப்புல இருக்கே."

"காலுக்கு என்ன இப்ப? முகம் இருக்குல்ல?"

"ஹால்ல மாட்டற படம். தலையிலேர்ந்து கால் வரைக்கும் வேணாமா? மாப்பிள்ளையால முடியலைன்னா விடுங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. "முடியும் அத்தை. லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கினா மூலையும் தெளிவாயிடும். இருட்டும், அதுக்கு ஃப்ளாஷ் இருக்கு."

"வேணாம் மாப்பிள்ளை," என்று மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு களைச்சுப் போயிட்டீங்க! உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவன் உடம்பைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. இந்த மனிதருக்காக இன்னொரு தடவை என்ன, எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கலாம்.

இறங்கினான். ஃபோகஸ் தவறிவிடக் கூடாதே என்று மாமனாரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேலே வந்து பார்த்தால், படம் மூலைக்கு மூலை தெளிவு. குளத்தின் தரையில் பதித்த கற்களின் இடுக்குகூடத் தெரிந்தது.

மாமியார் கேமராவை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, நேராக மூலைக்குப் போனார். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"தொழில்னா இது தொழில் மாப்பிள்ளை!" என்றார் மாமியார். பிறகு துண்டின் பக்கம் திரும்பினார். "படகுக்கு வரலைன்னு நண்பர்களுக்குச் சொல்லிடுங்க. கால் கட்டைவிரல் தரையில ஊனியிருக்கு. இத்தனை மாசமா நீங்க நீந்தலை, தண்ணிக்குள்ள நடந்துட்டு இருந்திருக்கீங்க!"