சங்கிலித்தாமும் ஆறு மணிக் குளிசையும்

மன்னார்த் தாழ்வுபாட்டில் சூரியன் மறைவது எங்கள் சங்கிலித்தாமின் உத்தரவு கிடைத்த பிறகுதான். வேண்டுமானால் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன். ஆறு மணிக்கு அவர் கோயில் மணிக் கயிற்றை இழுக்கும்வரை கடலுக்கு மேலே சும்மா வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். அவர் இழுத்தால்தான் எங்களுக்கு மாலை.

சங்கிலித்தாம் என்றால் கோயிலில் மணி அடிப்பவர், மெழுகுதிரி கொளுத்துபவர், பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பவர். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. அவருடைய மனைவி உயிரோடு இருந்தபோது அவளும் "இஞ்சருங்கோ சங்கிலித்தாம், சோறு ஆறுது" என்றுதான் கூப்பிட்டாளாம்.

இரண்டு கையிலும் கைக்கடிகாரம் கட்டியிருப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் திட்டிவிட்டு வானொலிச் செய்தியைக் கேட்பார். கோயில் முற்றத்தில் படுத்துக் கிடக்கும் கழுதைகளை "எழும்புங்கோ, நேரமாச்சு" என்று மிக மரியாதையாக எழுப்புவார். மரியாதை குறைவதெல்லாம் மனிதர்களிடம்தான். கலியாணப் பூசைக்குப் பிந்தி வந்த மாப்பிள்ளை ஒருவரை வாசலிலேயே மறித்து, "தம்பி, இண்டைக்கே பிந்தினா இனி எண்டைக்கு நேரத்துக்கு வருவீர்?" என்று கேட்டவர் அவர். பெண் வீட்டார் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

வெளிநாட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கரண்டில் தானாக அடிக்கும் மணி ஒன்றை வாங்கி அனுப்பினார். அது சில கிழமை நன்றாகத்தான் அடித்தது. பிறகு எலி வயரைக் கடித்துவிட்டதாகச் சங்கிலித்தாம் அறிவித்தார். அந்த எலியை இன்றுவரை ஒருவரும் கண்டதில்லை. "கரண்ட் போனா ஆண்டவர் காத்துக்கொண்டு நிப்பாரோ?" என்று கேட்டுக்கொண்டே பழைய கயிற்றைத் திரும்பக் கட்டினார்.

ஒருமுறை டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாலையில் கட்டிலைப் பார்த்தால் ஆளில்லை. கையில் சேலைன் ஊசி குத்தியபடி, சாரத்தோடு ஓட்டோ பிடித்து வந்து மணி அடித்துவிட்டு, அதே ஓட்டோவில் திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"எங்க ஐயா போனனீங்கள்?" என்று தாதி சத்தம் போட்டாளாம்.

"ஆறு மணிக்கு" என்றாராம் இவர்.

இப்படிப்பட்ட மனிதரின் மணியை நம்பித்தான் எங்கள் தெருப் பெண்கள் குளிசை விழுங்கினோம். கருத்தடைக் குளிசை. இதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் ஊரில் எல்லாருக்கும் கூச்சம். பத்துப் பிள்ளை பெற்றதைச் சொல்லக் கூச்சமில்லை, பெறாமல் இருக்க வழி பார்ப்பதைச் சொல்லத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

குளிசை தருபவர் எங்கள் பகுதி மிட்வைஃப். நாங்கள் மிஸ்ஸி என்போம். ஸ்கூட்டியில் வருவார். முதலில் பிரஷர் பார்ப்பார். தலையிடி வருமா, வந்தால் கண்ணுக்குள் மின்னுமா என்று கேட்பார். தெருமுனையில் நாற்பது வயதில் சுருட்டுப் பிடிக்கும் அக்கா ஒருத்திக்கு இந்தக் குளிசை சரிவராது, இரத்தம் கட்டிவிடும், வேறு வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அக்கா சுருட்டை அணைக்காமல் மிஸ்ஸியை முறைத்துப் பார்த்தாள். எங்களுக்கு மிஸ்ஸி சொன்னது ஒரே மந்திரம்தான்.

"ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். வெள்ளைக் குளிசை முடிய மண்ணிறம், அதில மருந்தில்லை, இரும்புச் சத்துத்தான். மண்ணிறம் முடிஞ்ச அடுத்த நாளே புதுப் பெட்டி. இடைவெளி விடக் கூடாது. விழுங்கின கையோட சத்தி எடுத்தா இன்னொண்டு போடுங்கோ. நெஞ்சு நோ, கால் வீக்கம், கண்ணில மின்னல் வந்தா ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு நிக்காமல் ஓடி வாங்கோ. நேரத்தை மறக்காமல் இருக்க போனில அலாரம் வையுங்கோ."

அலாரமா? வீட்டில் இருக்கிற ஒரே போன் புருஷனோடு கடலுக்குப் போய்விடும். அப்படியே வீட்டில் இருந்து அலாரம் அடித்தாலும், "என்ன பிள்ளை, ஒவ்வொரு நாளும் இந்த நேரம் பாட்டுப் பாடுது?" என்று மாமியார் தலையை நீட்டுவார். கோயில் மணியைப் பற்றி எந்த மாமியாரும் கேள்வி கேட்க முடியாது. முதல் அடி விழும்போதே நாங்கள் முற்றத்துக் கதையை அப்படியே விட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குள் போவோம். மஞ்சள் டின்னுக்குள்ளிருந்து அட்டை வெளியே வரும். ஒரு மிடறு தண்ணீர். பிறகு அந்த மணிக்குரிய திரிகாலச் செபமும் சொல்லுவோம், அதையும் விடவில்லை.

கோபுரத்தடியில் நின்று கயிறு இழுக்கும் சங்கிலித்தாமின் கண்ணில் நாங்கள் எழும்பி உள்ளே போவது மட்டும் பட்டது. மனிதர் உருகிப்போனார். சுவாமியாரிடம் போய், "எங்கட பெண்டுகள் மாதிரிப் பக்தி மன்னாரிலயே இல்லைச் சுவாமி. முதல் அடிக்கே எழும்பி உள்ள ஓடிவினம்" என்று சொல்லியிருக்கிறார். சுவாமியார் அதை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எடுத்துப் புகழ்ந்தார். பெண்கள் பக்கத்தில் நாங்கள் முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு இருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

ஜெசிந்தா சங்கிலித்தாமின் ஒரே மகள், எனக்கு அடுத்த வீட்டுக்காரி. மீன் வெட்டும் இடத்தில் அவள் சிரித்தால் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் வயிற்றைக் கீறி எடுத்தவை. இரண்டாவதில் இரத்தம் நிற்காமல், சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள் அவள். இன்னொன்று தரித்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் நேரே சொல்லிவிட்டார். இனிப் பிள்ளை வராமல் ஒப்பரேஷன் செய்வதாக அவளும் புருஷனும் முடிவு பண்ணியிருந்தார்கள். இந்த மீன் சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று அது தள்ளிக்கொண்டே போனது. அதுவரைக்கும் குளிசை.

"அப்பா மணி அடிக்கிறார், நான் உயிரோட இருக்கிறன்" என்பாள். சொல்லிவிட்டு அதற்கும் ஒரு சிரிப்பு.

இனி எழுதப்போவதற்கு எனக்குச் சிரிப்பு வராது.

அந்த வருடம் தவக்காலம் முடிந்து பெரிய கிழமை, அதாவது புனித வாரம், வந்தது. நாங்கள் மணியை நம்பத் தொடங்கிய பிறகு வந்த முதல் பெரிய கிழமை அதுதான். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய வியாழன் பின்னேரப் பூசையில், ஆறு மணிக்கு முன்பே, வானவர் கீதம் பாடும்போது எல்லா மணியையும் அடித்து ஓய்வார்கள். அதற்குப் பிறகு ஆண்டவர் உயிர்க்கும்வரை கோயிலில் மணிச் சத்தம் கிடையாது. பூசைக்குள் மட்டும், கையால் ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு மரக்கட்டையைப் பாவிப்பார்கள். அந்தச் சத்தம் கோயில் கதவைத் தாண்டாது. வருடா வருடம் நடப்பதுதான். பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மணி நின்றால் குளிசையும் நிற்கும் என்று எங்கள் ஒருத்தியின் மண்டைக்குள்ளும் ஏறவில்லை.

நான் அந்தக் கிழமை முருங்கனில் அம்மா வீட்டில் இருந்தேன். அங்கே அம்மாவின் தொலைக்காட்சித் தொடர்தான் எனக்கு மணி. தாழ்வுபாட்டிலோ அந்த நாட்களில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. வள்ளமெல்லாம் கரையில், ஆண்களெல்லாம் வீட்டில். சிலுவைப்பாதை, உபவாசம், பாஸ்குப் பூசைக்குப் புதுச் சட்டை என்று பெண்கள் ஓடித் திரிந்தார்கள். நேரத்தை ஞாபகப்படுத்த ஒன்றுமில்லை. அடுத்த தை மாதம் எங்கள் தெருவில் நாலு தொட்டில் ஆடியது. மூன்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு பிறகு சிரித்தார்கள். நாலாவது வீடு ஜெசிந்தாவின் வீடு.

அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்து மிஸ்ஸி வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். சங்கிலித்தாம் விறாந்தையில் குந்தியிருந்து கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி உள்ளே கதிரையில் இருந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"எப்ப விட்டனீர்?"

"வியாழன், வெள்ளி, சனி."

"புதுப் பெட்டி எப்ப தொடங்கிறது?"

"வியாழன்தான் தொடங்க வேணும். ஞாயிறுதான் போட்டனான்."

மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டார். "மூண்டு நாளும் ஏன் ஜெசிந்தா?"

ஜெசிந்தா தலை குனிந்துகொண்டாள். "மணி அடிக்கேல்லை, மிஸ்ஸி."

விறாந்தையில் தேய்க்கும் சத்தம் நின்றது.

"என்ன மணி?" என்று மிஸ்ஸி கேட்க, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார்கள், மஞ்சள் டின், முதல் அடி, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சங்கிலித்தாம் கையில் புளியோடு வாசலில் வந்து நின்றார். பிரசங்கத்தில் புகழ்ந்த பக்தியெல்லாம் இதுதான் என்று அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கோபப்படப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடிச்சிருப்பனே, பிள்ளை" என்றார்.

"பெரிய வெள்ளியிலயோ அப்பா? சுவாமி உங்களைக் கோயிலை விட்டே கலைச்சிருப்பார்."

"கலைக்கட்டும்."

ஒருமுறை மந்திரி வந்தபோதுகூட அவருக்காக ஒரு நிமிடம் முந்தி மணி அடிக்க மாட்டேன் என்று நின்ற மனிதர் அவர்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கிளினிக், ஸ்கேன், ஆஸ்பத்திரி வாட்டு. நச்சுக்கொடி பழைய தையலுக்குள் ஊடுருவி இருக்கிறது என்றார்கள். நேரத்தோடு வாட்டில் சேர்த்துக்கொண்டார்கள், இரத்தம் கொடுக்க ஊரே வரிசையில் நின்றது. டாக்டர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். பிள்ளை தப்பியது, பெண்பிள்ளை. ஜெசிந்தா தப்பவில்லை.

துக்க மணியை வேறு யாராவது அடிக்கட்டும் என்று சுவாமியார் சொல்லிப் பார்த்தார். சங்கிலித்தாம் கயிற்றை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. மகளுக்கான மணியை அவரே அடித்தார், ஒரே சீராக, ஒன்றுகூடப் பிசகாமல். அடக்கம் முடிந்து வந்த அன்று மாலையும் ஆறு மணிக்கு மணி கேட்டது. நான் குசினியில் குளிசையை வாயில் போட்டுக்கொண்டு நின்றேன். சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். அன்று மாமியார் என்ன ஏது என்று கேட்கவில்லை. என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், தண்ணீரை எடுத்து நீட்டினார்.

சில கிழமைக்குப் பிறகு சங்கிலித்தாம் சைக்கிளைக் குறுக்கே போட்டு மிஸ்ஸியின் ஸ்கூட்டியை மறித்தாராம். இதை மிஸ்ஸியே எனக்குச் சொன்னார். கருத்தடை என்ற சொல்லோ குளிசை என்ற சொல்லோ சங்கிலித்தாம் வாயில் வரவில்லை.

"மிஸ்ஸி, அது... ஒரு நாள் பிந்தினா?"

"ஒண்டும் இல்லை ஐயா. ஞாபகம் வந்த உடன எடுக்கலாம். ஒரே நாளில ரெண்டு எடுக்க வந்தாலும் பரவாயில்லை."

"கூட நாள் விட்டா?"

"கடைசியா விட்ட ஒண்டை உடன எடுத்து, மிச்சத்தை வழமைபோல எடுக்க வேணும். ஏழு நாளைக்கு ஆணுறையும் பாவிக்க வேணும். எதுக்கும் என்னட்டை ஒருக்கா வந்து கேக்கிறதுதான் நல்லம்."

"புதுசு தொடங்கேக்க விட்டா?"

"அதுதான் ஐயா மோசம், மருந்தில்லாத நாள் கூடிப்போகும்" என்று சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது மிஸ்ஸிக்கு உறைத்திருக்கிறது. சங்கிலித்தாம் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அந்தப் பெண்பிள்ளை இப்போது நேர்சரிக்குப் போகிறாள். தாயின் சிரிப்பு அப்படியே இருக்கிறது. அவளைப் பார்த்துக்கொண்டு நடந்ததைப் பிழை என்று சொல்ல எங்களால் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பேரப்பிள்ளைகள் மூன்றுக்கும் தலை வாரி இழுப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் சங்கிலித்தாம்தான். மருமகன் கடலுக்குப் போய்விடுவான்.

ஜெசிந்தா போன பிறகு வந்த முதல் பெரிய கிழமையில் அவர் சுவாமியாரிடம் போய், ஆறு மணிக்கு மட்டும் மணி அடிக்க உத்தரவு கேட்டார். அது முறையில்லை என்று சுவாமியார் வருத்தத்தோடு சொன்னார். பெரிய வெள்ளி மாலை ஆறு மணிக்குச் சங்கிலித்தாம் கோயிலுக்குள்ளிருந்த மரக்கட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் முன்னால் சைக்கிளை நிறுத்தி, கடகடவென்று ஆட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து பெண் வந்து தலைகாட்டும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மாமியார்களும் வெளியே வந்து பார்த்துவிட்டு, மருமகளை உள்ளே அனுப்பிவைத்தார்கள். சுவாமியார் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் அவர் வருகிறார்.

இந்த வருடமும் வந்தார். எனக்கு இப்போது குளிசை தேவையில்லை, ஜெசிந்தா தள்ளிப்போட்ட ஒப்பரேஷனை நான் செய்துகொண்டுவிட்டேன். அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஒரு கிளாஸ் தண்ணீரோடு படலைக்குப் போய், அவர் பார்க்கும்படி ஒரு மிடறு குடித்தேன். "சரி பிள்ளை, கவனமா இரு" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த படலைக்குப் போனார்.