நடுவில் போட்ட நாற்காலி

இரண்டு தரப்புக்கு நடுவே சமாதானம் பேசப் போகிறவன், முதலில் தன் உடம்பைச் சோதித்துக்கொள்வது நல்லது. எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

அப்போது நான் துபாய் அல் கூஸில் எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்புக்குக் கிளார்க். லீவு, ஏசி, மூட்டைப்பூச்சி என்று எல்லாப் புகாரும் என்னிடம்தான் வரும். (தீர்வு மட்டும் வராது.) கம்பெனி தந்த இன்சூரன்ஸ் கார்டுக்குப் பக்கத்து கிளினிக்கைத் தாண்டி மதிப்பில்லை. பெரிய ஆஸ்பத்திரி கார்டு வேண்டுமென்றால் நாமும் கொஞ்சம் கட்ட வேண்டும். அதுவும் கேம்பில் எல்லோரும் சேர்ந்தால்தான் உண்டு. நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிட்டார்.

ஃபோர்மேன் செல்வராஜ் அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கண் மங்கிக்கொண்டிருந்தது. லேசர் வைக்காவிட்டால் வேலையை விட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அவர் பின்னால் சுகர் கட்சி. எதிரே முத்து தலைமையில் ஜிம் கட்சி.

"எங்களுக்குத் தலைவலிகூட வராதுண்ணே. அவங்க மாத்திரைக்கு நாங்க எதுக்குக் கட்டணும்?" என்றான் முத்து.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பேசினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அலுத்துப்போய் ஒரு தந்திரம் செய்தேன். ஒரு நர்ஸை மெஸ்ஸுக்கு வரவழைத்து எல்லோருக்கும் இலவசமாகச் சர்க்கரை சோதித்தால், ஜிம் கட்சியில் நாலு பேருக்காவது ஏதாவது இருக்கும், பயந்து புது கார்டுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். (எவ்வளவு உயர்ந்த எண்ணம் பாருங்கள்!)

இடப்பக்கம் சுகர் கட்சி, வலப்பக்கம் ஜிம் கட்சி, நடுவில் ஒற்றை நாற்காலியில் நான். ஜிம் கட்சி வரிசையாக விரலை நீட்டியது. ஒருவனுக்கும் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களாண்ணே?" என்றான் முத்து. செல்வராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், "சும்மா எனக்கும் பாருங்க சிஸ்டர்" என்று விரலை நீட்டினேன்.

அந்த மலையாளி நர்ஸ் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு விரலிலும் குத்தினார். இரண்டு முறையும் நானூறுக்கு மேல்.

"இப்பதான் சர்க்கரை தூக்கலா ஒரு கரக் டீ குடிச்சேன் சிஸ்டர்..."

"பக்கெட்ல குடிச்சாலும் இத்ர வராது சாரே."

செல்வராஜ் அண்ணன் எழுந்து வந்தார். "தம்பி, இந்தப் பக்கம் வந்துருங்க" என்று என்னை நாற்காலியோடு தன் கட்சிப் பக்கம் இழுத்துப்போனார். மெஸ்ஸே சிரித்தது. முத்து மட்டும் சிரிக்கவில்லை.

"நேத்து வரைக்கும் இவரும் நம்மள மாதிரிதானடா இருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் பேனா கேட்டான். அவன் போட்டதும் எல்லோரும் போட்டார்கள்.

அண்ணனின் கண் தப்பியது. பார்வை தெளிந்ததும், மெஸ்ஸின் அந்தக் கோடியிலிருந்தே என் தட்டில் ஜிலேபியைக் கண்டுபிடித்து, வந்து பிடுங்கிக்கொண்டார்.

இப்போது குடும்பம் என்னோடு ஷார்ஜாவில். மனைவிக்கும் மகளுக்கும் தினம் ஒரு சண்டை. சமாதானம் பேச நான் வாயைத் திறந்தால் போதும், இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "நீங்க சுகர் பக்கம் போய் உக்காருங்க."

அவர்கள் இருவரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான்.