லேசர் வெளிச்சத்தில் ஒரு வேண்டுதல்

பயந்த சுபாவம் உள்ளவர்களைச் சாமி சன்னிதியில் நிறுத்தலாம். டாக்டர் அறையில் நிறுத்தக் கூடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

என் மாமனார் நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்காரர். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. "டிரஸ்ஸிங்கோட லேசரும் கொடுத்துப் பார்ப்போம். அப்பவும் மூடலைன்னா விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. (விரலுக்குச் சொந்தக்காரர் நன்றாகக் குறட்டை விட்டார்.)

மகளைப் பக்கத்து குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு, மாமனார் மாமியாரோடு முதல் லேசருக்குப் போனேன். எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள்.

"இன்னாம்மா, வெல்டிங் வைக்கப் போறாங்களா?" என்றார் மாமனார்.

புண்ணின் மேல் செக்கச்செவேலென்று ஒளி விழுந்தது. எனக்கு அம்மன் கோயில் தீக்குழிதான் நினைவுக்கு வந்தது. கைகூப்பினேன். மனதுக்குள் வேண்டுவதாகத்தான் நினைத்தேன்.

"ஆத்தா, இந்த விரல் பிழைச்சா, இதே காலோட மாமாவைத் தீ மிதிக்க வைக்கிறேன்!"

டாக்டர் லேசரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், வேண்டுதல் உறுதியாகிவிட்டது.

அதன்பின் எனக்கு இரண்டு பயம். புண் ஆறாவிட்டால் விரல் போகும். ஆறிவிட்டால் காலே போகும். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் எதை வேண்டுவது என்று தெரியாமல் விழித்தேன்.

புண் ஆறியது. "உணர்ச்சி இல்லாத கால். இனி வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"அப்ப தீமிதி?" என்றார் மாமியார்.

"எனக்குத்தான் சுட்டாலும் தெரியாதே. எறங்கிட்டுப் போறேன்" என்றார் மாமனார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கடைசியில் பூசாரியிடம் போனோம். "வேண்டிக்கினது யாரு?" என்று கேட்டார். குடும்பமே என்னைக் கைகாட்டியது. "அப்ப அவங்களே எறங்கட்டும்."

மஞ்சள் புடவையில் இறங்கினேன். மற்றவர்கள் விடுவிடுவென்று போனார்கள். நான் மட்டும் நடுக்குழியில், திரும்பிவிடலாமா என்று ஒரு நொடி நின்று யோசித்தேன். (யோசிக்கிற இடமா அது?) ஓரத்தில் டாக்டர் தந்த மெத்தைச் செருப்போடு நின்ற மாமனார், "நிக்காதம்மா, ஓடியா!" என்று அலறினார்.

மறுநாள் அதே டாக்டர், அதே நாற்காலி, என் பாதத்தில் கொப்புளங்கள்.

"என் காலுக்குப் புடிச்ச லைட்ட எம் மருமவளுக்கும் புடிங்க டாக்டர்."

"இதுக்குக் களிம்பே போதுங்க" என்றார் டாக்டர்.

"நீ வாய மூடிக்கினு உக்காரும்மா" என்று மாமனார், மறுபடி கைகூப்பப் போன என் பக்கம் திரும்பினார்.

இப்போதும் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் கண்ணை மூடிக் கைகூப்பினால் போதும், வீட்டில் எல்லோரும் அவசரமாகக் காலை மடக்கிக்கொள்கிறார்கள்.